வெளிறிய சொற்கள்

'பேல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒன்று பெயரடை: வெளிறிய, மங்கிய, ரத்தம் சுண்டிய. மற்றது பெயர்ச்சொல்: வேலிக்கு நடும் கழி, அந்தக் கழிகளால் வளைத்த எல்லை. எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், பிறப்பு வேறு. (தமிழில் எழுதும்போது கொஞ்சம் சங்கடமான ஒலி, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.) இங்கே பேசப்போவது பெரும்பாலும் முதல் சொல்லைப் பற்றி. ஆனால் இரண்டாவதை வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. ஆங்கிலேயர்களே இரண்டையும் தெரியாமல் குழப்பியும் தெரிந்தே கலந்தும் வந்திருக்கிறார்கள்.

நிறமின்மையைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பேல், பேலிட், வான், சாலோ, டிராப், பிளீக், பிளாங்க் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நம் ஆங்கில-தமிழ் அகராதிகள் 'வெளிறிய', 'மங்கிய' என்ற இரண்டு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு இவற்றில் பெரும்பாலானவற்றைக் கடந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தோண்டிப் பார்த்தால் ஒரே செய்திதான் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. இவற்றில் எதுவும் 'நிறம் இல்லை' என்ற பொருளோடு பிறக்கவில்லை. ஒன்று நெருப்பிலிருந்து வந்தது, ஒன்று இருட்டிலிருந்து, இன்னொன்று சாயம் போடாத துணியிலிருந்து. நிறமின்மை என்பது பிறகு ஏறிய பொருள்.

'பேல்' நார்மன்களோடு வந்த சொல். 1066இல் அவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆள்பவர்களின் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் இறங்கிய ஆயிரக்கணக்கான சொற்களில் ஒன்று; எழுத்தில் 1300 வாக்கில் தென்படத் தொடங்குகிறது. பிரெஞ்சுக்கு அது லத்தீனின் 'பல்லிதுஸ்' கொடுத்த சொத்து. 'பல்லேரே' என்றால் வெளிறிப்போதல். கற்றவர்கள் பிற்காலத்தில் லத்தீனுக்கே நேராகப் போய் 'பேலிட்', 'பேலர்' என்று இன்னும் இரண்டை எடுத்துவந்தார்கள். கடைசியாகச் சொன்ன 'பேலர்' இன்றும் மருத்துவர்களின் குறிப்புச் சீட்டில் உயிரோடு இருக்கிறது.

லத்தீனுக்கும் பின்னால் போகும் மொழிநூலார், இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவாக 'பெல்' என்றொரு வேரைக் காட்டுகிறார்கள். அதன் கிளைகள் சுவாரசியமானவை. கிரேக்கத்தில் 'போலியோஸ்' என்றால் சாம்பல் நிறம். முதுகுத்தண்டின் சாம்பல் நிறப் பகுதியைத் தாக்கும் நோய்க்கு அதை வைத்துத்தான் போலியோமைலிட்டிஸ் என்று பெயரிட்டார்கள். சொட்டு மருந்து முகாம் வழியாக நம் தெருமுனை வரை வந்த போலியோ அதன் சுருக்கம். வடமொழியில் 'பலிதம்', அதாவது நரை. வேல்ஸ் மொழியில் சாம்பல் நிறத்துக்கான சொல்லிலிருந்து லாயிட் என்ற குடும்பப் பெயர் வந்தது. சென்னையின் அவ்வை சண்முகம் சாலையை இன்னும் லாயிட்ஸ் ரோடு என்று சொல்லும் பெரியவர்கள் தெரியாமலே நரையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வடமொழிப் 'பாண்டு'வையும் இந்த வேருக்குள் இழுப்பவர்கள் உண்டு, எதிர்ப்பவர்களும் உண்டு. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், சித்த மருத்துவம் ரத்தசோகையைப் பாண்டு என்றே சொல்கிறது.

இதே வேரிலிருந்து லத்தீனுக்கு 'புல்லுஸ்' என்று கருமை சார்ந்த ஒரு சொல்லும் கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு மான் வகையின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஃபாலோ' மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். ஆக, ஒரே வேர் நரையையும் சாம்பலையும் பழுப்பையும் கருமையையும் ஈன்றிருக்கிறது. 'நிறமற்றது' என்று அதற்குப் பொருள் எழுதினால் பாதிப் பிள்ளைகளைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்க வேண்டிவரும். தெளிவான பெயர் வைக்க முடியாத, கலங்கிய நிறம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நார்மன்கள் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் வெளிறிய முகத்தை என்னவென்று சொன்னார்கள்? இந்த விஷயத்தின் சுவையான பகுதி இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ப்லாக்' என்று நெடிலில் சொன்னால் ஒளிர்வது, வெளுத்தது. 'ப்லக்' என்று குறிலில் சொன்னால் கறுப்பு. குறில் நெடில் வேறுபாட்டில் வெள்ளை கறுப்பாகிவிடும் மொழி! இரண்டுக்கும் எரிதல், சுடர்தல் என்ற ஒரே வேரைப் பெரும்பாலான மொழிநூலார் காட்டுகிறார்கள். எரிகிறபோது ஒளி, எரிந்த பிறகு கரி. ஒருவர் சுடரைப் பார்த்துப் பெயர் வைத்தார், இன்னொருவர் மிஞ்சியதைப் பார்த்து. கரியின் பக்கம் 'பிளாக்' நின்றது. சுடரின் பக்கம் வெளுக்கச் செய்வதான 'பிளீச்', வெறுமையான 'பிளீக்', பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்த 'பிளாங்க்', முதலில் வெள்ளைக் கம்பளித் துணியைக் குறித்த 'பிளாங்கெட்' எல்லாம் சேர்ந்தன. கிணற்றில் கொட்டும் பிளீச்சிங் பவுடரும் வகுப்பறையின் பிளாக்போர்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிளேக் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்குக் கறுத்தவர், வெளுத்தவர் என்று இரண்டு விளக்கமும் சொல்வார்கள்; இரண்டுமே சரியாக இருக்கலாம்.

'வான்' இன்னும் விசித்திரமான பயணம் செய்த சொல். இன்று அது நோயில் வாடிய வெளிறலைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் அதற்கு இருண்ட, மங்கலான என்றே பொருள். 'பேவுல்ஃப்' காப்பியத்தில் போர்க்களத்துப் பிணங்களுக்குக் காத்திருக்கும் அண்டங்காக்கையின் நிறத்துக்கு இந்தச் சொல்தான். இருண்ட ஒன்று வெளிறியதாக எப்படி மாறியது? நோயாளியின், செத்தவரின் தோல்தான் நடுவில் பாலமாக இருந்திருக்க வேண்டும். ஈயம் போன்ற அந்த நிறத்தைக் கறுத்தது என்றும் சொல்லலாம், வெளுத்தது என்றும் சொல்லலாம். 'லிவிட்' என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. அடிபட்டுக் கன்றிய கருநீலமாகத் தொடங்கி, கோபத்தில் முகம் செத்துப்போவதைக் குறித்து, கடைசியில் வெறும் கடுங்கோபமாகிவிட்டது. இன்று அதைச் சொல்பவர்களில் பலர் மனத்தில் தெரிவது சிவந்த முகம்.

பழைய ஆங்கிலத்தின் நிறச் சொற்கள் எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு ஒளி என்பதையே அதிகம் கவனித்தன என்று அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்னவை அதற்கு நல்ல சாட்சி. அந்தக் கணக்கு மாறி, நிறத்துக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும் என்ற நிலை வந்தபோது, கறுப்போடு மோதும் 'ப்லாக்'கையும் இருட்டுக்கும் வெளிறலுக்கும் நடுவில் தள்ளாடிய 'வான்'ஐயும் வைத்துக் காலம் தள்ள முடியாது. வெளியூரிலிருந்து வந்த 'பேல்'க்கு இந்தப் பழைய கடன் எதுவும் இல்லை. அது ஜெயித்ததற்கு நார்மன் அதிகாரத்தைவிட இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

வந்த வேகத்தில் அது முகத்தைப் பிடித்துக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாஸர் தன் 'கேன்டர்பரி கதைகள்' முன்னுரையில் கொழுத்த துறவி ஒருவரைக் கிண்டல் செய்கிறார். வாடி வதங்கிய ஆவியைப் போல அவர் வெளிறியவர் அல்லர் என்கிறார். விரதம் இருக்க வேண்டியவரின் முகத்தில் வெளிறலைக் காணோம் என்பதே குற்றச்சாட்டு. அச்சமும் இந்தச் சொல்லோடு சேர்ந்தது. 'அப்பால்' என்ற வினைச்சொல் பழைய பிரெஞ்சில் வெளிறிப்போதலைக் குறித்தது. இன்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எதற்கெடுத்தாலும் போடும் 'அப்பாலிங்' அதன் வழிவந்தது. அதிர்ச்சி என்ற பொருள் நிற்க, முகத்தின் நிறம் பற்றிய நினைப்பு அந்தச் சொல்லிலிருந்து முழுதாகக் கழுவப்பட்டுவிட்டது.

துணிக்கடைப் பக்கம் கொஞ்சம் போய் வரலாம். 'டிராப்' என்றால் இன்று அலுப்பூட்டும் மங்கல். பிரெஞ்சில் அது வெறும் துணி. ஆங்கிலத்தில் சாயம் ஏற்றாத கம்பளித் துணியின் பெயராகி, அந்தத் துணியின் நிறமாகி, பிறகு சலிப்பாகியது. 'பேஜ்' நிறமும் பிரெஞ்சுக்காரர்களின் சாயமிடாத கம்பளிதான். ஜவுளி ஆலைகளில் 'கிரே துணி' என்பார்களே, அது சாம்பல் நிறத் துணி அல்ல. தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத, சாயமேறாத துணி. பிரெஞ்சில் கச்சாப் பட்டுக்கு வழங்கிய 'கிரேஜ்' என்ற சொல்லே அந்த வழக்குக்குப் பின்னால் நிற்கிறது. ஈரோட்டுச் சந்தையில் காடா என்று சொல்லி முடித்துவிடுவதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆய்வகத்திலும் இதே தர்க்கம் வேலை செய்திருக்கிறது. 1905இல் ஷாடினும் ஹாஃப்மனும் மேகநோய்க் கிருமியைக் கண்டபோது அது நுண்ணோக்கிச் சாயங்களை எளிதில் ஏற்கவில்லை. அதனால் அதன் பெயரில் 'பாலிடா' சேர்ந்தது. இப்போதைய பெயர் ட்ரெபொனெமா பாலிடம். சாயம் பிடிக்காதது வெளிறியது.

பச்சை எப்படி வெளிறலாகும் என்பது வேறு ஒரு கிளை. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் நான்காவதாக வரும் குதிரையின் மேல் மரணம் ஏறியிருக்கிறது. கிரேக்க மூலத்தில் அதன் நிறம் 'க்ளோரோஸ்'. இளம்புல்லின் பச்சைக்கும் நோயாளியின் முகத்துக்கும் கிரேக்கர்கள் வழங்கிய சொல் அது. லத்தீன் பைபிள் அதைப் பல்லிதுஸ் ஆக்கியது. 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பு 'பேல்' ஆக்கியது. தமிழ் பைபிளில் அது மங்கின நிறம். பிண நிறம் ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் கொஞ்சம் பச்சையை இழந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தப் பச்சை வேதியியலில் பிழைத்துக்கொண்டது. 1810இல் ஹம்ப்ரி டேவி மஞ்சள் கலந்த ஒரு பச்சை வாயுவுக்குக் குளோரின் என்று பெயர் வைத்தார். துணி வெளுப்பதும் குளோரின்தான் என்பதால், வெளிறிய நிறத்தின் பெயர் தாங்கிய வாயு மற்ற நிறங்களையெல்லாம் வெளிறச் செய்கிறது.

மருத்துவத்தில் இதே 'க்ளோரோஸ்' சொல்லிலிருந்து 'குளோரோசிஸ்' என்ற நோய்ப்பெயர் வந்தது. அதற்கு முன்பே ஆங்கிலேயர்கள் அதைப் பச்சை நோய் என்றார்கள். 1554இல் யோஹானஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் அதைக் கன்னியரின் நோய் என்று விவரித்துக் கல்யாணத்தை மருந்தாக எழுதிக்கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் தாமஸ் சிடன்ஹாம் இரும்புச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார், நோயாளிகள் தேறினார்கள். இரும்புக் குறைவு ரத்தசோகை என்பது நிலைபெற்ற பிறகு, 20ஆம் நூற்றாண்டின் முன்பாதியிலேயே அந்த நோய்ப்பெயர் மருத்துவ நூல்களிலிருந்து மறைந்தது.

இளம்பெண், காதல், தோலில் படரும் பச்சை கலந்த வெளிறல் என்று கேட்டதும் தமிழ் வாசகருக்குப் பசலை நினைவுக்கு வந்திருக்கும். ஜி. யு. போப் 1886இல் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது 'பசப்புறு பருவரல்' அதிகாரத்தின் தலைப்பில் 'பேலிட்' என்ற சொல்லைத்தான் எடுத்தார். அவருக்கு வேறு வழி இருந்ததா? பசலையில் பசுமையும் பொன்னிறமும் இருக்கின்றன, பேலிட்டில் இரண்டும் இல்லை. பொருள் நெருக்கத்தைப் பார்த்தால் ஆங்கிலத்தில் கிட்டத்தில் இருந்தது 'பச்சை நோய்'தான். ஆனால் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஜூலியட்டின் அப்பா மகளைத் திட்டப் பயன்படுத்தும் சொல் அது. காமத்துப்பாலின் தலைவிக்குச் சூட்டக்கூடியது அல்ல. போப் நிறத்தை விட்டு மரியாதையைக் காப்பாற்றினார். குறை சொல்ல மனம் வரவில்லை.

இனி வேலிக்கழி. லத்தீனில் 'பாலுஸ்' என்றால் நட்ட கழி. கழுவேற்றுதலைக் குறிக்கும் 'இம்பேல்', மரக்கோட்டையான 'பாலிசேட்', சாதாரணக் கம்பமான 'போல்' எல்லாம் அந்த வழி. மூன்று கழி கொண்ட சித்திரவதைக் கருவியின் பெயரிலிருந்து 'டிராவல்' வந்தது என்பது தென்மாவட்டத்துக்கு இரவுப் பேருந்தில் போகிறவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்காது. கழியிலிருந்து வேலி, வேலியிலிருந்து ஆட்சி எல்லை. 1347 முதல் 1558 வரை பிரான்சின் கலே நகரைச் சுற்றி ஆங்கிலேயர் வைத்திருந்த நிலம் ஒரு பேல். அயர்லாந்தில் டப்ளினைச் சுற்றி அவர்கள் பிடி இறுகியிருந்த பகுதி இன்னொன்று. 1494இல் அயர்லாந்தில் கூடிய நாடாளுமன்றம் அதன் ஓரங்களில் ஆறு அடி உயரக் கரை எழுப்பச் சொன்னது. ரஷ்யாவில் 1791 முதல் 1917 வரை யூதர்கள் குடியிருக்க அனுமதித்த மேற்குப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இந்தப் பெயரே. ரஷ்ய மூலச் சொல்லுக்குப் பொருள் வெறும் 'கோடு'. ஆங்கிலேயர்கள் தங்களிடம் இருந்த பழைய வேலியை எடுத்துக் கொடுத்தார்கள்.

பொறுக்க முடியாத நடத்தையை 'பியாண்ட் த பேல்' என்பார்கள். அயர்லாந்து வேலிக்கு அப்பால் காட்டுமிராண்டிகள் என்ற நினைப்பிலிருந்து அது பிறந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்தில் கிடைக்கும் தொடக்க காலப் பயன்பாட்டில் அது காதலர்கள் உலவப் போகும் ஏதோ ஒரு வேலி மட்டுமே. பண்பாட்டு எல்லை என்ற பொருள் மெல்ல வளர்ந்து, 1837இல் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' காலத்தில் நன்றாக ஊன்றியிருந்தது. அயர்லாந்துக் கதை அழகானது, பொருந்தவும் பொருந்துகிறது. அதனாலேயே சந்தேகப்பட வேண்டியது. வெள்ளைத்தோலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்பதே பொருள் என்று சிலர் இன்று எடுத்துக்கொள்வது அப்பட்டமான பிழை. ஆனால் கிப்ளிங் 1888இல் 'பியாண்ட் த பேல்' என்ற தலைப்பில் வெள்ளைக்காரன் ஒருவனும் இந்திய விதவை ஒருத்தியும் காதலிக்கும் கதையை எழுதியபோது அந்தப் பிழைக்கு வாய்ப்பிருப்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஷேக்ஸ்பியரே 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஆட்டாலிக்கஸின் பாட்டில் குளிர்காலத்தின் வெளிறலையும் அதன் ஆட்சி எல்லையையும் ஒரே சொல்லில் சிலேடையாக்கியவர். கேடயச் சின்னக் கலையில் செங்குத்துப் பட்டைக்கும் பேல் என்றே பெயர், அதுவும் கழியிலிருந்து வந்ததுதான். 1965இல் ஏற்கப்பட்ட கனடாக் கொடியின் நடுவில் பாதி அகலம் எடுத்துக்கொள்ளும் பட்டையைக் கனடியப் பேல் என்கிறார்கள். அது வெள்ளையாக இருப்பது தற்செயல்.

தோலுக்கு வருவோம். முகம் வெளிறுவது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான், ஆனால் எல்லா முகத்திலும் ஒரே மாதிரி தெரியாது. ஆங்கில நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் வெளிறுவதற்கு அடியில் வெள்ளைத்தோல் என்ற ஓர் அனுமானம் இருக்கிறது. மருத்துவம் அந்த அனுமானத்தோடு வேலை செய்ய முடியாது. அதனால்தான் நம் ஊர் மருத்துவர்கள் முகத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார்கள்; உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய் வழிகாட்டி உள்ளங்கையைப் பார்க்கச் சொல்கிறது. வெளியிலிருந்து வெள்ளையரைப் பார்த்து வைத்த பெயராகச் சொல்லப்படும் 'பேல்ஃபேஸ்' பரவியதில் 1826இல் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய 'லாஸ்ட் ஆஃப் த மொஹிகன்ஸ்' நாவலுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்கப் பழங்குடிகளின் வாயில் வெள்ளை எழுத்தாளர் வைத்த சொல்லாகவே அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. பின்னாளில் நிறுவனங்களின் மேல்மட்டத்தைக் கேலி செய்ய, வெளிறிய, ஆணான, பழசாய்ப்போன என்று ஆங்கிலத்தில் எதுகையோடு மூன்று சொல்லை அடுக்கியபோது, கேலி செய்த வெள்ளையர்கள் தங்கள் முகத்தையே சொன்னார்கள்.

இன்று 'பேல்' அதிகமாகச் செய்யும் வேலை அளவு சொல்வது. 17ஆம் நூற்றாண்டில் விறகுப் புகைக்குப் பதில் கல்கரி அனலில் மால்ட்டை உலர்த்தத் தொடங்கியபோது பியர் இளநிறமானது. அதுவே பேல் ஏல். லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையும் 1820களில் அதோடு போட்டிக்கு இறங்கிய பர்ட்டன் நகரத்து ஆல்சாப்பும் இந்தியாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகக் கப்பலேற்றியதால் பின்னர் அதற்கு இந்தியா என்ற அடைமொழியும் கிடைத்தது. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் அது தேன் நிறம். வெளிறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் கறுத்த போர்ட்டர் வகை பியர் இருந்தால் தவிர. 1990 பிப்ரவரி 14இல் வாயேஜர்-1 விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பூமி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வானியலாளர் கார்ல் சேகன் அதை வெளிர்நீலப் புள்ளி என்றபோது அந்தச் சொல்லில் நோயும் இல்லை, பயமும் இல்லை. எவ்வளவு நீலம் என்ற கணக்கு மட்டும் இருந்தது.

இந்த அளவைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். 1955இல் அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகத்துக்காக கெல்லியும் ஜட்டும் தொகுத்த முறை, நிறங்களை 267 பெயர்களில் அடக்கியது. அதில் 'லைட்' என்பதற்கும் 'பேல்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டும் ஒளி மிகுந்தவை. நிறச்செறிவு மேலும் குறைந்தால்தான் பேல். பழைய ஆங்கிலத்தில் கலங்கிக் கிடந்த ஒளியும் நிறமும் இரண்டு தனி அளவுகோல்களாகப் பிரிந்து நிற்பதை இங்கே பார்க்கலாம்.

கணினித் திரை அந்த ஒழுங்கைப் பின்பற்றவில்லை. இணையப் பக்கங்களுக்கான பெயர்களில் பெரும்பாலானவை எக்ஸ்-11 என்ற பழைய மென்பொருளின் நிறப் பட்டியலிலிருந்து வந்தவை. அதில் பேல் வயலட் ரெட் என்று ஒன்று இருக்கிறது. போட்டுப் பார்த்தால் நல்ல அழுத்தமான இளஞ்சிவப்பு. அதைவிட வேடிக்கை, 'டார்க் கிரே' என்று பெயரிட்ட சாம்பல், வெறும் 'கிரே'யைவிட வெளிறியது. வெவ்வேறு இடத்தில் தொகுத்த இரண்டு பட்டியல்களை ஒட்டியபோது நேர்ந்த வினை அது. திருத்தினால் ஏற்கெனவே எழுதிய பக்கங்களின் நிறம் மாறிவிடும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.